செயற்கைக் காலும் செயற்கைக் கண்ணும்: உடலை மேம்படுத்தும் தொழில்நுட்பம் யாருக்கு?

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவின் பழைய நகரை ஊடறுத்துச் செல்கின்றது வியா மக்வேதா. ஸ்பானிய மன்னரின் பிரதிநிதியாகச் சிசிலியை ஆண்ட மக்வேதா கோமகனின் காலத்தில், 1600 ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்ட வீதி இது. புகையிரத நிலையத்துக்கு அண்மையில் தொடங்கி, நான்கு மூலைகளிலும் சிலைகள் நிற்கும் 'குவாத்ரோ கந்தி' நாற்சந்தியைக் கடந்து, மாஸிமோ அரங்கு வரை நீளுகின்றது. இதன் பக்கத்து ஒழுங்கைகளிலும் பல்லரோ சந்தையைச் சூழ்ந்த பழைய குடியிருப்புகளிலும் எண்பதுகள் தொட்டு ஈழத்தமிழர்கள் வாழ்ந்து வருகின்றனர். வங்கதேசத்தவரும் ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து வந்தோரும் இங்கே கடை வைத்துப் பிழைக்கின்றனர்.

இந்நகரில் வாழும் எம்மவரில் மிகப் பலர் செய்வது வீட்டுப் பணியும் முதியோர் பராமரிப்புமே. இத்தாலியில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். அந்த முதியோரைத் தூக்கி, குளிக்க வைத்து, படியேற்றி இறக்கும் கைகளில் எமது கைகளும் உள்ளன. காணியையும் வீட்டையும் கல்விச் சான்றிதழ்களையும் விட்டு வந்தவனுக்கு உடல் ஒன்றே கைமுதல். அந்தக் கைமுதல் தேயும்போது என்ன செய்வது என்ற கேள்வி எம்மவர் வீடுகளில் அன்றாடம் எழுவது.

அதே உலகில் இன்று வேறொரு கேள்வியும் எழுந்துள்ளது. இழந்த உறுப்பை ஈடுசெய்யும் கருவிகளுக்கு அப்பால், நலமாக உள்ள உடலையும் மூளையையும் இயற்கையின் அளவுக்கு மேலே உயர்த்தும் மருந்துகளும் கருவிகளும் உருவாகி வருகின்றன. பிறக்கப் போகும் குழந்தையின் மரபணுவைத் திருத்துவதும் நடந்துவிட்டது. இவை சமுதாயத்தை எவ்வாறு மாற்றும் என்பது பற்றி மேலைநாட்டு அறிஞர்கள் பெரும் நூல்கள் எழுதுகின்றனர். எனினும் இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, யுத்தத்தில் கால் இழந்த எமது மக்களின் அனுபவத்திலேயே இருக்கின்றது.

பீசா தந்த கண்ணாடி

உடலை மேம்படுத்துதல் புதிய ஆசை அன்று. மூக்குக் கண்ணாடி 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலேயே தோன்றியது. பீசாவைச் சேர்ந்த ஜோர்தானோ என்ற துறவி 1306 ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரில் ஆற்றிய மறையுரையில், இக்கலை கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டிருக்கின்றார். நாற்பது வயதைத் தாண்டியதும் பார்வை மங்கித் தொழிலைக் கைவிட வேண்டியிருந்த எழுத்தர்களும் பொற்கொல்லர்களும் நெசவாளர்களும் மேலும் பல ஆண்டுகள் உழைக்க அது வழி செய்தது.

கண்ணாடியின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. வாங்கிய பின் அது அணிபவருக்கே சொந்தம். உடைந்தால் எந்தக் கடையிலும் மாற்றிக் கொள்ளலாம். செய்தவரின் கடை மூடப்பட்டாலும் பார்வை போய்விடாது. இன்று உருவாகும் கருவிகள் பலவற்றுக்கு இந்த மூன்று இயல்புகளும் இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஜெய்ப்பூரிலிருந்து யாழ்ப்பாணம் வரை

1968 ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், பி. கே. சேத்தி என்ற எலும்பு முறிவு வைத்திய நிபுணரும் இணைந்து ஒரு செயற்கைக் காலை உருவாக்கினர். அதுவரை மேலைநாட்டிலிருந்து வந்த கால்கள் சப்பாத்துக்குள் அணிவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுடன் சம்மணமிட்டு அமர முடியாது. குந்தியிருக்க முடியாது. சேற்று வயலில் இறங்க முடியாது. கோவிலுக்கு வெறுங்காலுடன் செல்லும் மக்களுக்கு அவை பயன்படவில்லை. இறப்பராலும் மரத்தாலும் பாதத்தைச் செய்து, அதன்மேல் அலுமினியத் தகட்டை அடித்து வளைத்துக் காலாக்கினர் ஜெய்ப்பூர்க் கைவினைஞர்கள். மலிவானது, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யவும் திருத்தவும் கூடியது. சேத்திக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது.

அதே 1981 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பேரூந்து விபத்து ஒன்றில் பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர்க் காலை அணிந்து, பயிற்சியின் வேதனையைத் தாங்கி, 1984 இல் மீண்டும் மேடையேறினார். 'மயூரி' என்ற தெலுங்குத் திரைப்படத்தில் தமது கதையைத் தாமே நடித்தார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் இக்கால் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. எறிகணையும் கண்ணிவெடியும் விவசாயியையும் மாணவனையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையமும், பின்னர் வன்னியில் 'வெண்புறா' என்ற பெயரில் இயங்கிய செயற்கை உறுப்பு நிறுவனமும் பல நூறு பேரை எழுந்து நடக்க வைத்தன. புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணமும் இப்பணிக்குச் சென்றது. பொருளாதாரத் தடையாலும் போக்குவரத்துத் தடங்கலாலும் பொருட்கள் கிடைக்காத காலத்திலும் பணி நின்றுவிடவில்லை. அதற்குக் காரணம், அத்தொழில் உள்ளூர்க் கைகளுக்குள் அடங்கியிருந்தமையே. வளரும் சிறுவனுக்குக் கால் சிறுத்துப் போனால் புதிய கால் செய்ய வேண்டும். தேய்ந்த பாதத்தை மாற்ற வேண்டும். பட்டறை அருகில் இருக்கும் வரை இவை இயலும். கண்ணிவெடித் தடை உடன்படிக்கை 1997 இல் உருவான போதிலும் இலங்கை அதில் இணைந்தது 2017 டிசம்பரிலேயே என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கொம்பனி கைவிட்ட கண்

இதற்கு எதிர்மாறான கதை ஒன்று உள்ளது. கலிபோர்னியாவைச் சேர்ந்த 'செக்கன்ட் சைற்' என்ற நிறுவனம் 'ஆர்கஸ் 2' என்ற செயற்கைக் கண்ணை உருவாக்கியது. கண்ணாடியிற் பொருத்திய சிறு ஒளிப்படக்கருவி காட்சியை இடுப்பிலுள்ள கணினிக்கு அனுப்பும். அது, விழித்திரையில் ஒட்டப்பட்ட 60 மின்முனைகள் வழியாக நரம்பைத் தூண்டும். முற்றாகப் பார்வை இழந்தவர்கள் கதவின் விளிம்பையும், வீதிக் கடவையின் கோடுகளையும், எதிரில் நிற்பவரின் நிழலுருவையும் ஒளிப்புள்ளிகளாக உணர்ந்தனர். ஐரோப்பாவில் 2011 இலும் அமெரிக்காவில் 2013 இலும் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவின் முதற் சிகிச்சைகளுட் சில, கண்ணாடி தோன்றிய அதே இத்தாலியில், பீசா நகரில் நடைபெற்றன.

உலகெங்கும் ஏறத்தாழ 350 பேருக்கு இக்கண் பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் கருவியின் விலை மட்டும் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் டொலர். ஆயினும் வியாபாரம் இலாபம் தரவில்லை. 2019 இல் நிறுவனம் இக்கருவியைக் கைவிட்டது. 2020 இல் ஊழியர்களிற் பெரும்பாலானோரை வேலையிலிருந்து நீக்கியது. கருவி பழுதானால் திருத்த ஆளில்லை, மாற்றுப் பாகமும் இல்லை. மீண்டும் இருளுக்குத் திரும்பியவர்களைப் பற்றிய விபரங்கள் 2022 ஆம் ஆண்டில் அமெரிக்க மின்பொறியியலாளர் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தன. கண்ணுக்குள் பயனற்றுக் கிடக்கும் மின்முனைகளை அகற்றுவதற்கும் இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஜெய்ப்பூர்க் கால் தொழில்நுட்பத்தில் எளியது. ஆனால் யுத்தத்துக்கு நடுவிலும் திருத்தப்பட்டது. 'ஆர்கஸ்' தொழில்நுட்பத்தில் வியக்கத்தக்கது; ஆனால் அமைதியான, செல்வம் மிக்க நாடுகளிலேயே அதை அணிந்தோர் கைவிடப்பட்டனர். ஒரு கருவி எவ்வளவு அற்புதமானது என்பதிலும் பார்க்க, அது யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதே மனிதரின் வாழ்வைத் தீர்மானித்தது.

செவிப்புலன் இல்லாத குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் 'கொக்லியர்' கருவியும் இதற்கு உதாரணம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தின் மூலம் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இதனைப் பெற்றுள்ளனர். பணக்காரருக்கு மட்டுமே எட்டியிருந்த ஒன்றை அரசு பொதுச் சொத்தாக்கியது பாராட்டுக்குரியது. எனினும் தலைக்குள் இருப்பது கருவியின் பாதி மட்டுமே. வெளியில் அணியும் மறுபாதிக்குப் பற்றரியும் கம்பியும் மாற்ற வேண்டும். சில ஆண்டுகளின் பின் அதனையே மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் இச்செலவு கூலித் தொழிலாளியான தந்தையின் தோளில் விழுகின்றது.

நகர்ந்து செல்லும் கோடு

இழந்ததை ஈடுசெய்வது நல்லது, இல்லாததைக் கூட்டுவது தீயது என்று கோடு கிழித்துவிடலாம் எனச் சிலர் கூறுவர். கேட்க எளிதான இக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. வளர்ச்சிச் சுரப்பி குறைந்த பிள்ளைகளுக்கென 1985 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை வளர்ச்சி ஓமோன், 2003 இல், நோய் எதுவும் இன்றிக் குள்ளமாக மட்டுமே உள்ள பிள்ளைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. குள்ளமாக இருத்தல் அன்றிலிருந்து சிகிச்சைக்குரிய ஒன்றாயிற்று.

விளையாட்டிலும் இதுவே நிலை. ஒரு காலை முழங்காலுக்குக் கீழ் இழந்த ஜேர்மனிய வீரர் மார்க்குஸ் றேம், காபன் இழையாலான செயற்கைக் காலுடன் 2014 இல் தமது நாட்டின் பொது நீளம்பாய்தற் போட்டியில் 8.24 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெற்றார். அக்கால் அவருக்கு மேலதிக உந்துதல் தருகின்றது என்ற ஐயத்தால் ஐரோப்பியப் போட்டிக்கு அவர் அனுப்பப்படவில்லை. ஊனமுற்றவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், அளவுக்கு மீறிய பலம் உள்ளவர் என்று மறுபடியும் ஒதுக்கப்பட்டார்.

எமது சமூகத்துக்கு நன்கு தெரிந்த 'மேம்பாட்டு'ப் பண்டம் ஒன்றும் உண்டு. 1975 தொட்டு இந்தியாவில் விற்பனையான 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு, உலகளாவிய எதிர்ப்பின் பின் 2020 இல் பெயரை மாற்றிக் கொண்டது. பெயர் மாறியது, திருமண விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' கேட்கும் வழக்கம் மாறவில்லை. நிறத்தை ஒரு குறையென்று கருதுவது சமூகம். அக்குறைக்கு மருந்து விற்பது வியாபாரம். நாளை மரபணுவின் வழியே நிறத்தையும் உயரத்தையும் தெரிவு செய்ய முடியுமானால், எம்மவர் எதைத் தெரிவு செய்வர் என்பதை ஊகிக்கப் பெரும் ஆராய்ச்சி வேண்டியதில்லை.

பிள்ளையைத் தெரிவு செய்தல்

ஊகமும் தேவையில்லை, நடந்த வரலாறே உள்ளது. கருவின் நலத்தை அறிய வந்த 'ஸ்கான்' கருவி, இந்தியாவில் பெண் கருவை அறிந்து அழிக்கப் பயன்பட்டது. ஆறு வயது வரையான பிள்ளைகளில், ஆயிரம் ஆண்களுக்கு 1991 இல் 945 ஆக இருந்த பெண்களின் தொகை 2001 இல் 927 ஆகக் குறைந்தது. இடையில் 1994 ஆம் ஆண்டிலேயே பாலினம் அறிதலைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், பெண் சிசுக்களைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கும்படி 1992 இல் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது.

எந்தத் தந்தையும் பெண் இனத்தைக் குறைக்க வேண்டும் என்று எண்ணிக் கருவி முன் நிற்கவில்லை. சீதனச் சுமையை எண்ணியே ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே முடிவெடுத்தது. அம்முடிவுகள் யாவும் சேர்ந்து ஒரு தேசத்தின் கணக்கையே மாற்றின. சட்டத்தால் கருவியைத் தடுக்க முயன்றனர், சீதனம் தொடர்ந்தது.

2018 நவம்பரில், சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய், எயிட்ஸ் கிருமி தொற்றாதவாறு மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துள்ளதாக அறிவித்தபோது உலகமே திடுக்குற்றது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை ஒருவரைத் தடுத்தது, அறிவு மறைந்துவிடவில்லை. புலம்பெயர்ந்த மண்ணில் பிள்ளைகளின் கல்வியே குடும்பத்தின் ஒரே மீட்சி என்று எண்ணி வாழ்பவர்கள் நாம். கவனத்தைக் கூர்மையாக்கும் 'ரிட்டலின்' போன்ற மாத்திரைகளை, நோய் இல்லாத மாணவர்களும் பரீட்சைக்காக உட்கொள்ளும் வழக்கம் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள்ளது. பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கொண்டால் எமது பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற பயம் வந்தபின், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் பெயரளவிலேயே எஞ்சும்.

வேலைத்தளத்தில் எமது உடல்

இத்தாலியின் 'கோமாவ்' நிறுவனம் 2018 இல் 'மாதே' என்ற அணிகருவியை அறிமுகப்படுத்தியது. தோளின்மேல் சட்டை போல அணிந்தால், கைகளை உயர்த்தி நீண்ட நேரம் வேலை செய்பவரின் பாரத்தை அதன் விற்சுருள் தாங்கும். முதுகும் தோளும் தேய்ந்த தொழிலாளிக்கு இது வரமே. ஆயினும் இன்று களைப்பைக் குறைக்க வந்த கருவி, நாளை இரட்டிப்பு வேலை வாங்கும் அளவுகோலாகவும் மாறலாம். பெரிய தொழிற்சாலையில் தொழிற்சங்கம் அதைப் பற்றிப் பேசும். தனி வீட்டில் நோயாளியைத் தூக்கும் எமது சகோதரிக்காகப் பேசுவது யார்? அவருக்கு அக்கருவியும் கிடைப்பதில்லை.

உரிமை எங்கே அறுபடுகின்றது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தொழில் விபத்துக் காப்புறுதி நிறுவனமான 'இனாயில்', போலோஞாவுக்கு அண்மையில் புத்ரியோவில் செயற்கை உறுப்பு நிலையம் ஒன்றை நடத்துகின்றது. ஜெனோவாவின் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்துடன் இணைந்து அது உருவாக்கிய 'ஹன்னஸ்' என்ற செயற்கைக் கை 2018 இல் காட்சிக்கு வந்தது. தசையின் நுண்ணிய மின்னசைவை உணர்ந்து விரல்களை மடக்கும் கை அது. ஆனால் இந்நிறுவனத்தின் கதவு திறப்பது, நடந்தது தொழில் விபத்து என்று பதிவாகும்போதே. 'கறுப்பில்' வேலை செய்பவர் அடிபட்டால், வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி முதலாளி வற்புறுத்துவது எங்கும் உள்ள வழக்கம். அச்சத்தால் அவ்வாறு சொன்ன ஒரு வார்த்தை, பின்னர் ஒரு கையின் விலையாகிவிடக் கூடும். ஆகவே வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் நடந்ததை நடந்தபடியே பதிய வைப்பது மிக அவசியம்.

வதிவிட அனுமதி இல்லாதோரும் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. 1998 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, 'எஸ்.ரி.பி' என்ற குறியீட்டு இலக்கத்தைப் பெற்று, அவசர சிகிச்சையையும் இன்றியமையாத சிகிச்சையையும் பெறலாம். சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றி வைத்தியசாலை பொலிசாருக்கு அறிவித்தல் பொதுவாக ஆகாது என்றும் அச்சட்டம் கூறுகின்றது. தஞ்சம் கோரியவர்கள் தேசிய சுகாதார சேவையில் பதிவு செய்துகொள்ளும் உரிமை உடையவர்கள். பிறந்த குழந்தையின் செவிப்புலனைச் சோதிப்பது 2017 இலிருந்து இச்சேவை வழங்க வேண்டிய கடமைகளுள் ஒன்று.

நெல்லிக்கனியை யார் உண்பது?

நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனி ஒன்று அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கிடைத்தது. அவன் அதைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். உடலை மேம்படுத்தும் பொருள் ஒன்று கைக்கு வந்தபோது எமது இலக்கியம் வியந்தது அக்கனியின் ஆற்றலை அன்று. அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையே. இன்றைய நெல்லிக்கனிகள் ஆய்வுகூடங்களிற் பழுக்கின்றன. அதியமான்கள் அங்கே இல்லை, பங்குதாரர்கள் இருக்கின்றனர்.

ஆகவே எந்தப் புதிய கருவியோ மருந்தோ எமது வாசலுக்கு வரும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். இதை வேண்டாம் என்று சொல்ல எமக்கு உண்மையான உரிமை உண்டா? பழுதானால் யார், எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தித் தருவர்? இது திரட்டும் தகவல் யாரிடம் சேரும்? மூன்றாவது கேள்வி எமக்குப் புதிதன்று. 2003 தொட்டு ஐரோப்பாவில் தஞ்சம் கோருவோரின் விரல் அடையாளம் 'யூரோடாக்' கணினியிற் பதியப்படுகின்றது. 2024 இல் நிறைவேறிய சட்டம் அதற்கான வயதெல்லையை 14 இலிருந்து 6 ஆகக் குறைத்து, முகப் படத்தையும் சேர்த்துக் கொண்டது. உடல் தரும் சாட்சி எவ்வாறு பயன்படும் என்பதை எம்மைவிட நன்கு அறிந்தவர் சிலரே.

தாயகத்தில் கால் இழந்து வாழ்வோர் இன்றும் உள்ளனர். அவர்களது செயற்கைக் கால்கள் தேய்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். ஒருமுறை கால் வழங்கும் விழாவுக்குப் பணம் சேர்ப்பது எளிது. அந்தக் காலைத் திருத்தும் பட்டறைக்கும் அங்கே பணிபுரியும் கைவினைஞரின் சம்பளத்துக்கும் ஆண்டுதோறும் உதவுவதே கடினம். வியா மக்வேதாவிலும் லா சப்பேலிலும் ஸ்காபரோவிலும் ஊருக்கு உதவ எண்ணி ஒன்றுகூடும் சங்கங்கள், இந்த இரண்டாவது செலவைத் தமது கணக்குப் புத்தகத்தில் நிரந்தரமாக எழுதிக் கொள்ளுமா?